தாராவியில் நிலா செய்தவர்

எங்கள் வீட்டு மேல் அறையில் ஒருவர் நாலு வருஷம் குடியிருந்து நிலா செய்தார். தாராவியில் எதைத்தான் செய்யவில்லை? நாங்கள் தோல் பை தைக்கிறோம். அந்தப் பக்கம் பானை செய்கிறார்கள். எங்கள் சந்து முருகேசன் விடியுமுன் இட்லி அவித்து மாதுங்கா, வடாலா என்று சைக்கிளில் அனுப்புகிறான். அப்படி இவர் நிலா செய்தார்.

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் போன் போட்டு, "மாமா, நான் அப்படியா சொன்னேன், நல்லா ஞாபகம் இருக்கா?" என்று ஒவ்வொரு வரியாகக் கேட்பார். சந்தில் அவருக்கு சாந்த் பாய் என்று பெயர் விழுந்துவிட்டது. இந்தியில் சாந்த் என்றால் நிலா. அந்தப் பெயர் போதும்.

நான் எட்டாவது வரை படித்தவன். கடையநல்லூரிலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, அல்லாஹ்வின் கிருபையால் இன்றைக்கு சொந்தமாக நாலு மெஷின் போட்டிருக்கிறேன். கீழே பட்டறை, அதற்கு மேலே எங்கள் குடித்தனம், அதற்கும் மேலே இரும்பு ஏணியில் ஏறுகிற ஒரு மாலா. மாலா என்று இங்கே சொல்வது தகரக் கூரை போட்ட மேல் அறையை. அதைப் பார்க்க வந்த அன்று அவர் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கவில்லை. "இங்க வெயில் எந்தப் பக்கம் விழும் மாமா?" என்றார்.

"எந்தப் பக்கமும் விழாது தம்பி. இது தாராவி."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்று அப்போதே பையைக் கீழே வைத்துவிட்டார். இப்படி ஒரு வாடகைக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் திரையில் வெளிச்சம் பட்டால் சாம்பல் நிறத்தில் ஒரு சாம்பலுக்கும் இன்னொரு சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியாதாம். அவர் பிழைப்பே அந்த வித்தியாசம்தான் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வேலை இதுதான். வெளிநாட்டில் சில பேர் சேர்ந்து ஒரு சாப்ட்வேர் செய்திருக்கிறார்கள். அதைத் திறந்தால் வானம். பூமியிலிருந்து கிளம்பி எந்தக் கிரகத்துக்கும் பறந்து போகலாம், பக்கத்தில் போய் நின்று பார்க்கலாம். அதில் வருகிற நிலாக்களுக்கு மேல்தோல் போடுகிற வேலை இவருக்கு. நமக்குத்தான் ஒரு நிலா. வியாழனுக்கும் சனிக்கும் ஏகப்பட்டது இருக்கிறதாம். விண்கலங்கள் எடுத்து அனுப்பிய படங்களைத் துண்டு துண்டாகச் சேர்த்து, ஒரே நீளப் படமாக்கி, உருண்டை மேல் சுற்றிவிட வேண்டும். சனியின் நிலா ஒன்று, ஒரு பக்கம் கரி பூசின மாதிரியும் மறு பக்கம் சுண்ணாம்பு அடித்த மாதிரியும் இருந்தது. வியாழனின் நிலா ஒன்று மஞ்சளும் சிவப்புமாகக் கிடந்தது. அதைப் பார்த்த என் வீட்டுக்காரி, "இது நம்ம பிரியாணிச் சட்டி அடியில்லா" என்றாள்.

அவளுக்கு முதலில் பயம். நிலா செய்கிறவரை வீட்டில் வைத்திருப்பது மார்க்கத்தில் கூடுமா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டாள். ஹஜ்ரத் நேரிலேயே வந்தார்.

"உசிருள்ளதை வரையக்கூடாதுன்னுதாம்மா சொல்லியிருக்கு. நிலாவுக்கு ஏது உசிரு? அது கல்லு" என்று சொல்லிவிட்டு, "எங்க, அந்தக் கல்லைக் காட்டு" என்று ஏணியில் ஏறினார். சாயங்கால அசர் தொழுகைக்கு ஆள் அனுப்பித்தான் அவரை இறக்க வேண்டியிருந்தது. சனி கிரகத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, அங்கிருந்து பூமியைக் காட்டச் சொன்னாராம். சாந்த் பாய் ஒரு புள்ளியைக் காட்டினாராம். அந்தப் புள்ளியை நினைத்துக்கொண்டே ஹஜ்ரத் கடைசிப் படியை விட்டுவிட்டு என் தோல் கட்டு மேல் உட்கார்ந்தார். அடி ஒன்றும் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே சுப்ஹானல்லாஹ் என்றார்.

நான் சாந்த் பாயோடு ஒட்டிக்கொண்டது வேறு காரியத்தில். ஒரு நாள் முகம் வாடி இறங்கி வந்தார். படம் நீளவாக்கில் இருக்கும், உயரத்தைப் போல் இரண்டு பங்கு அகலம். அதை உருண்டையில் சுற்றினால் நடுவில் சரியாக உட்காருகிறது, உச்சியிலும் அடியிலும் மட்டும் கோணல் மாணலாகச் சுருங்கிவிடுகிறது. "தலை பூரா மடிப்பா வருது மாமா. யாரோ முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "இதுக்கா இவ்வளவு கவலை? நீளத் துணியைச் சுத்தி வாயைக் கட்டுனா சுருக்குப்பைதான் வரும். உருண்டைப் பைக்கு அடிவட்டத்தைத் தனியா வெட்டித் தைக்கணும் தம்பி" என்று ஒரு ஆட்டுத் தோலில் வட்டம் வெட்டிக் காட்டினேன். அவர் அந்த வட்டத்தைக் கையில் வாங்கி, என்னைப் பார்த்து, மறுபடி வட்டத்தைப் பார்த்துவிட்டு ஏணியில் ஏறினார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். நிலாவின் உச்சியைத் தனி வட்டமாக வரைந்து மேலே பதித்திருந்தார். மடிப்பு இல்லை. இந்த வேலை செய்கிறவர்கள் உலகம் பூராவும் அப்படித்தான் செய்கிறார்களாம். அது அவருக்கும் தெரிந்ததுதானோ, என் மனசு குளிரட்டும் என்று தெரியாத மாதிரி இருந்தாரோ என்று சந்தேகப்பட்டுக் கேட்டேன். "படிச்சிருந்தேன் மாமா. புரிஞ்சது உங்க தோலைப் பார்த்தப்புறம்தான்" என்றார். அன்றையிலிருந்து பட்டறைக்கு வருகிற பார்ட்டிகளிடமெல்லாம், சனி கிரகத்தில் ஒரு நிலாவுக்குத் தலை வைத்தது நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் ஆர்டரைக் கொடுத்துவிட்டு சீக்கிரம் போய்விட்டார்கள்.

பிறகு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டதும் எனக்கு மாலாவில் வேலை. அந்த நீளப் படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் உருண்டைக்குப் பின்னால் சந்திக்கிற இடத்தில் தையல் தெரியக் கூடாது. அவர் நிலாவை மெதுவாகத் திருப்புவார். நான் தையலைக் கண்டுபிடிக்க வேண்டும். முப்பது வருஷம் பையில் தையல் பார்த்த கண். "இந்தா, இந்தக் குழி பாதியில வெட்டுப்பட்டிருக்கு" என்று விரலை வைப்பேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிப்பார். கண்டுபிடித்தால் எனக்கு சாயா. ஒரு வெள்ளிக்கிழமை அரைமணி நேரம் திருப்பியும் ஒன்றும் அகப்படவில்லை. தோற்றுப்போன கோபத்தில், "படைச்சவன் மாதிரியே செஞ்சிட்டியே தம்பி" என்றேன். அவர் சட்டென்று கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அப்படிச் சொல்லாதீங்க மாமா. அவன் படைச்சதுல தையலே கிடையாது. நாம துண்டு துண்டாப் படம் பிடிக்கிறதாலதான் தையல் வருது."

நிழல் எடுக்கிற வேலை என்று ஒன்று இருந்தது. விண்கலம் படம் எடுக்கும்போது குழிகளில் நிழல் விழுந்திருக்கும். அதை அப்படியே போட்டால், சாப்ட்வேரில் சூரியன் வேறு பக்கம் போனாலும் நிழல் பழைய இடத்திலேயே கிடக்கும். அதனால் ஒவ்வொரு நிழலாக எடுக்க வேண்டும். மாசக் கணக்கில் எடுத்தார். என் வீட்டுக்காரி மேலே சாயா கொடுக்கப் போய்விட்டு வந்து, "காலையில பார்த்தப்பவும் நெழல் எடுத்துட்டிருந்தாரு, இப்பவும் நெழல்தான் எடுக்காரு. பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்றாள்.

இப்படியெல்லாம் சொன்னால் அவர் ஏதோ சாது என்று நினைப்பீர்கள். ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரர். பார்க்காததைப் பார்த்ததாக ஆக்க மாட்டார். இருக்கிறதை இல்லையென்றும் ஆக்க மாட்டார். முன்னால் மாதுங்காவில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் திருத்துகிற வேலையில் இருந்தார். முகத்தில் பருவை எடுப்பது, அம்மை வடுவை நிரப்புவது. ஒரு கல்யாணப் பெண்ணின் கன்னத்து மச்சத்தை எடுக்கச் சொல்லி அவள் அம்மா வந்து நின்றாளாம். இவர் மாட்டேன் என்றிருக்கிறார். "பரு நாளைக்குப் போயிரும், எடுக்கலாம். மச்சம் போகாதே மாமி. பத்து வருஷம் கழிச்சு ஆல்பத்தைப் பார்க்கிற பிள்ளை, இது யாரு, எங்கம்மா எங்கேன்னு கேக்கும்." வேலை போயிற்று. "அங்க குழியை மூடுற வேலை. இங்க குழியை அதது இருக்கிற இடத்துல வைக்கிற வேலை. எனக்கு இதுதான் சரி" என்பார்.

யுரேனஸ் என்கிற கிரகத்துக்கு நிலாக்கள் உண்டு. அதில் ஒன்றின் பெயரை அவர் பலமுறை சொல்லியும் என் நாக்கில் நிற்கவில்லை. அந்தப் பக்கம் இதுவரை ஒரே ஒரு விண்கலம்தான், ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறது. போன நேரத்தில் நிலாவின் ஒரு பாதி இருட்டில் இருந்தது. வெளிச்சத்தில் இருந்த பாதிக்குத்தான் படம் உண்டு. மறு பாதியை மனுஷன் எவனும் பார்த்ததில்லை. சாப்ட்வேர்காரர்கள், மீதிப் பக்கத்தைப் பொருத்தமாக ஏதாவது போட்டு நிரப்புங்கள் என்று எழுதினார்கள். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.

முருகேசன் இதைக் கேட்டு ஒரு தட்டு இட்லியோடு ஏணியில் ஏறினான். "இந்தாரும், ஆவி பறக்க குழி குழியா இருக்கு. போட்டோ எடுத்து மறுபக்கத்துல ஒட்டும். எவனுக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்றார் இவர். இட்லியைச் சாப்பிட்டுவிட்டார்.

படம் இருந்த பாதியை அவ்வளவு நுணுக்கமாகச் செய்து முடித்து, மறு பாதியை வெறும் சாம்பலாக விட்டு அனுப்பினார். வேலை போய்விடும் என்றே நாங்கள் நினைத்தோம். அவர்களுக்கு ஒரு நீளக் கடிதம் எழுதினார். பி.காம் படித்த என் மகள் ஜரீனாதான் அந்த இங்கிலீஷைத் திருத்திக் கொடுத்தாள். நாளைக்கு எங்கேயோ ஒரு பிள்ளை அந்த நிலாவின் மேல் பறந்து வந்து என் பொய்க் குழிக்குள் இறங்கி, நிஜம் என்று நம்பிவிடும். அதற்கு நான் பொறுப்பு ஏற்க முடியாது என்று எழுதியிருந்தாராம். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. சாம்பலாகவே இருக்கட்டும், வேண்டுமென்கிறவர்கள் ஒரு பட்டனைத் தட்டினால் மட்டும் கற்பனைப் பக்கம் தெரிகிற மாதிரி வேறு ஆளை வைத்துச் செய்துகொள்கிறோம் என்றார்கள். அன்றைக்கு அவர் சந்துக்கே ஃபலூடா வாங்கிக் கொடுத்தார். பாதி நிலாவை மொட்டையாக விட்டதற்கு ஃபலூடா வாங்கிக் கொடுத்தவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான் இருப்பார்.

இப்படிப்பட்ட ஆளிடம் போய் எங்கள் சனம் பிறை கேட்கும். நோன்பு மாசம் நெருங்கினாலே, "சாந்த் பாய், பிறை என்னைக்கு?" என்று ஏணிக்கடியில் ஆள் நிற்கும். நிலா செய்கிறவருக்கு நிலா வருகிற நாள் தெரியாமலா இருக்கும்? அவர் மேலிருந்து தலையை நீட்டி, "வானத்துல இருக்கும். கண்ணுக்குத் தெரியுமான்னு தெரியாது" என்பார். கேட்டவன் திட்டிக்கொண்டே போவான். ஹஜ்ரத் மட்டும், "மார்க்கத்தை இந்தப் பயதான் சரியாச் சொல்றான்" என்பார். எங்கள் பள்ளியில் பிறையைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் கணக்கு செல்லாது. பெருநாள் பிறை என்றால் நம்பிக்கையான இரண்டு பேர், கண்ணால் பார்த்தோம் என்று சாட்சி சொல்ல வேண்டும்.

அந்த வருஷம்தான் ஜரீனாவின் பிரச்சினை வந்தது.

அவளுக்குக் கல்யாணமாகி ஐந்து மாசம். மாப்பிள்ளைக்கு சவூதியில், தம்மாமில் வேலை. விசா வந்து, அது முடிகிற நாளும் நெருங்கி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் விமானத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. மாற்ற வழியில்லை. சனிக்கிழமை எங்களுக்கு இருபத்தொன்பதாம் நோன்பு. சவூதியில் ஒரு நாள் முன்னதாகவே பிறை பார்த்துவிட்டதால், அதே சனிக்கிழமை அங்கே பெருநாள். மாப்பிள்ளை புதுச்சட்டையோடு வீடியோவில் வந்து ஈத் முபாரக் சொன்னார். அவள் போய் இறங்கும்போது அங்கே பெருநாள் முடிந்து ஒரு நாள் ஆகியிருக்கும். இங்கே சனிக்கிழமை சாயங்காலம் பிறை தெரிந்தால் ஞாயிறு பெருநாள். தொழுது, சாப்பிட்டு, பதினோரு மணிக்குக் கிளம்பலாம். தெரியாவிட்டால் இங்கே திங்கள்கிழமைதான் பெருநாள். அப்போது அவள் இங்கே இருக்க மாட்டாள்.

"ஊரு உலகத்துல எல்லாருக்கும் ஒரு பெருநாள் உண்டு. எம் மகளுக்கு அங்கயும் இல்ல, இங்கயும் இல்லன்னா இது என்ன ஞாயம்?" என்று என் வீட்டுக்காரி காலையிலிருந்து பாத்திரங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜரீனா மருதாணி அரைக்கட்டுமா வேண்டாமா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள்.

சாயங்காலம் எல்லாரும் தொண்ணூறடி ரோட்டில் என் மச்சான் இருக்கிற கட்டடத்தின் மொட்டை மாடிக்குப் போனோம். ஏழு மாடி. லிப்ட் ஓடவில்லை. நோன்போடு ஏறினோம். வீட்டுக்காரி கையில் நோன்புக் கஞ்சித் தூக்கு, ஜரீனா கையில் பேரீச்சம்பழம், முருகேசன் கையில் எங்கேயோ இரவல் வாங்கின பைனாகுலர். "உனக்கு எதுக்குடா பிறை?" என்றேன். "பெருநாள் வந்தாத்தானே பாய் எனக்கு பிரியாணி" என்றான். கடைசியில் சாந்த் பாய், போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு ஏறினார்.

மேற்கே மாஹிம் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வானத்தில் புழுதியும் புகையும், அதற்கு மேல் மேகம்.

"எந்த இடத்துலன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. பார்க்கிறதை நாங்க பார்த்துக்கிடுதோம்" என்றாள் ஜரீனா.

"சொல்லக் கூடாதும்மா. சொன்னா தெரிஞ்சிரும்."

"தெரியணும்னுதானே ஏழு மாடி ஏறி வந்திருக்கோம்."

"இல்லம்மா. இன்ன இடம்னு தெரிஞ்சு பார்த்தா, அங்க ஒண்ணும் இல்லாட்டாலும் கண்ணு வரைஞ்சிரும். எங்கண்ணு முக்கியமா வரைஞ்சிரும். அதுக்கு அதுதானே தொழிலு."

"நல்ல ஆளைக் கூட்டிட்டு வந்தீங்க அத்தா" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள் கைப்பிடிச் சுவரில் போய்ச் சாய்ந்தாள்.

நோன்பு திறக்கிற பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டே எல்லாரும் மேற்கே பார்த்தோம். முருகேசன் பைனாகுலரோடு குதித்தான். "அந்தா, அந்தா. வளைவா, வெள்ளையா, பளபளன்னு." வீட்டுக்காரி கஞ்சியை விட்டுவிட்டு ஓடினாள். ஜரீனா துஆவுக்குக் கையைத் தூக்கிவிட்டாள். நானும் பார்த்தேன். நிஜமாகவே வளைவு. சாந்த் பாய் பைனாகுலரை வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டு, "டிஷ் ஆன்டெனா. எதுத்த கட்டடம், தண்ணி டேங்குக்குப் பக்கத்துல" என்று திருப்பிக் கொடுத்தார். அவ்வளவு கவலையிலும் என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு ஆன்டெனாவைப் பார்த்து துஆ கேட்டுவிட்டேனே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குள் என் போன் அடித்தது. ஹஜ்ரத். "அங்க யாருக்காவது தெரிஞ்சுதா? ரெண்டு பேரு இருந்தா இப்பவே பள்ளிக்கு வாங்க. இன்னும் கொஞ்ச நேரந்தான், அப்புறம் பிறை இறங்கிரும்."

"பார்த்துக்கிட்டு இருக்கோம் ஹஜ்ரத்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். அப்போது மேகத்தில் ஒரு கீற்று விலகியது. சாந்த் பாய் மாடி ஓரத்தில் தனியாக நின்று கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த கிண்ணம் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. மூன்று எண்ணுகிற நேரம் இருக்கும். பிறகு மேகம் மூடிவிட்டது. அவர் கிண்ணத்தை மெல்லச் சுவரில் வைத்தார்.

போனில் ஹஜ்ரத் காத்திருக்கிறார். நான் சாந்த் பாய் பக்கத்தில் போனேன். "தம்பி, தெரிஞ்சுதா?"

எல்லாரும் திரும்பிவிட்டார்கள். ஜரீனா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சந்தில் அவர் பேச்சைத் தட்டுகிற ஆள் கிடையாது. அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"சாட்சி சொல்ல முடியாது மாமா."

"பார்த்தீங்களா, பார்க்கலியா?" என்று வீட்டுக்காரி நடுவில் வந்தாள்.

"பார்த்த மாதிரி இருந்துச்சு மாமி."

"மாதிரின்னா?"

"மாதிரின்னா மாதிரிதான். எனக்கு எடம் தெரியும். அந்த எடத்துலதான் தெரிஞ்சுது. அதனாலதான் நம்ப முடியல."

"இந்த ஆளுக்கு நாலு வருஷமா கஞ்சி காய்ச்சி ஊத்தியிருக்கேன் பாரு" என்று அவள் தூக்கைப் படாரென்று மூடினாள். ஹஜ்ரத்திடம் இங்கே யாரும் இல்லை என்று சொல்லி போனை வைத்தேன். ஏழு மாடியும் இறங்கினோம். மூன்றாவது மாடியில் ஜரீனா அவரிடம், "பரவாயில்லண்ணே" என்றாள். அவர் சந்துக்கு வந்ததும் நேராக ஏணியில் ஏறிப்போய்விட்டார்.

ராத்திரி இஷா பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளியிலிருந்து அறிவிப்பு வந்தது. கல்யாண் ஊரில் இரண்டு பேர் பிறையைக் கண்ணால் பார்த்து, விசாரித்து, சாட்சி ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. நாளைக்குப் பெருநாள். அடுத்த நிமிஷம் பள்ளியில் தக்பீர் முழங்கியது. சந்து முழுக்க ஷட்டர்கள் திறந்தன. பிள்ளைகள் எங்கிருந்துதான் அத்தனை பட்டாசை எடுத்தார்களோ தெரியவில்லை. வீட்டுக்காரி அழுதுகொண்டே வெங்காயம் உரித்தாள். வெங்காயம் என்று சொல்லிக்கொண்டாள். ஜரீனா அம்மி முன்னால் உட்கார்ந்து மருதாணி அரைத்தாள், அரைத்துக்கொண்டே மாப்பிள்ளையிடம் வீடியோவில், "உங்களுக்கு இன்னைக்குச் சோறு, எனக்கு நாளைக்குச் சோறு" என்றாள்.

சாந்த் பாய் ஏணியின் கடைசி மூன்று படியைத் தாண்டிக் குதித்து வந்தார். அவர் குதித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். சந்தே அவரைச் சுற்றிக்கொண்டது.

"யோவ் சாந்த் பாய்" என்றான் முருகேசன். "நெலா செய்றவன் நீ. நெலாவைப் பார்த்தவன் கல்யாண்காரன். உனக்கு எதுக்குய்யா ரெண்டு கம்ப்யூட்டர் திரை, அதுல ஒண்ணை வித்து ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கு."

"அவரு பார்த்தாருடா. பார்த்ததைத்தான் பார்க்கலன்னுட்டாரு" என்றாள் வீட்டுக்காரி. "தம்பி, இப்பவாவது சொல்லுங்க. பார்த்தீங்கதானே?"

"இப்பவும் தெரியல மாமி."

அவள் கையிலிருந்த கரண்டியால் அடிக்கிற மாதிரி ஓங்கி, அதே கரண்டியில் வறுத்த முந்திரியை அள்ளி அவர் கையில் கொட்டினாள்.

காலையில் தொழுதுவிட்டு வந்தோம். பிரியாணி, சேமியாப் பாயசம், எல்லாம் ஒன்பது மணிக்குள். ஜரீனா சிவந்த கையால் தானும் தின்று எங்களுக்கும் ஊட்டினாள். பதினோரு மணிக்குப் பெட்டியை டாக்ஸியில் ஏற்றினவர் சாந்த் பாய்தான். அவள் போகும்போது அழவில்லை. வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு, ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டு போனாள். டாக்ஸி சயான் பக்கம் திரும்பி மறைந்தது. வீட்டுக்காரி உள்ளே போய்விட்டாள். நானும் அவரும் ரோட்டோரத்தில் நின்றோம்.

பெருநாள் என்றால் நாங்கள் கட்டித் தழுவிக்கொள்வது வழக்கம். தொழுத இடத்தில் கூட்டத்தில் அவர் எனக்கு அகப்படவில்லை. இப்போது தழுவினேன். தழுவினபடியே அவர் காதில், ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடாததைச் சொன்னேன்.

"தம்பி, நேத்து நான் மேகத்தைத் தவிர ஒண்ணையும் பார்க்கல. ஆனா நீங்க மட்டும் பார்த்தேன்னு சொல்லியிருந்தா, நானும் பார்த்தேன்னு சொல்லியிருப்பேன். ரெண்டாவது சாட்சி நான்தான். வார்த்தை நாக்கு நுனியில நின்னுச்சு. இருபத்தொம்பது நோன்பு பிடிச்ச வாயி."

அவர் கையை எடுக்கவில்லை. என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"தெரியும் மாமா. நீங்க வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல."

நான் அவரை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தேன். கோபமோ கேலியோ இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. புது ஜிப்பாவோடு இரண்டு பேர் தொண்ணூறடி ரோட்டில், பஸ் ஹாரன் அடிக்க அடிக்க, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஓரத்துக்கு நகரக்கூடத் தோன்றாமல் சிரித்துக்கொண்டு நின்றோம்.